கிட்டார் உள்ளூர், சித்தார் வெளியூர்

நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போய், ‘வீனஸ்’ என்ற பாட்டு பிறந்த தெருக்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. விசா, விமான டிக்கெட், குளிருக்குக் கோட்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜன்னலோர சீட்டு ஒன்று போட்டுக்கொண்டு பெங்களூர் ஜோகுபாளையத்துக்குக் கிளம்பினேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பாட்டைப் பற்றி ஜோகுபாளையத்தில் தெரிந்துகொண்டது ஹேக்கில் கிடைத்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

முதலில் பாட்டைப் பற்றி. ஷாக்கிங் புளூ என்பது 1967-ல் ஹேக் நகரத்தில் தொடங்கிய ராக் குழு. கிட்டாரும் சித்தாரும் வாசித்த ராபி ஃபான் லேயூவன்தான் அதற்கு மூளை. பாட்டெழுதி மெட்டமைத்ததும் அவரே. அடுத்த வருஷம் மரிஸ்கா வெரெஸ் பாடகியாக வந்து சேர்ந்தார். கரிய நீளக் கூந்தல், கண்ணைச் சுற்றிக் கனத்த மை, அடித்தொண்டையிலிருந்து வரும் கனமான குரல். அவருடைய அப்பா ஹங்கேரியைச் சேர்ந்த ரோமா இனத்து வயலின்காரர். 1969-ல் ‘வீனஸ்’ வெளிவந்தது. 1970 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். டச்சுக் குழு ஒன்று அந்த இடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை.

மெட்டு முழுக்க ராபியுடையது என்று சொல்ல முடியாது. 1963-ல் ‘தி பிக் த்ரீ’ என்ற அமெரிக்க நாட்டுப்பாடல் குழு ‘பாஞ்சோ சாங்’ என்று ஒன்றைப் பாடியிருந்தது. அதற்கு வரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதிய ‘ஓ சுசானா’விலிருந்து வந்தவை. அந்தக் குழுவின் மெட்டுதான் ‘வீனஸ்’ ஆயிற்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது கேளாதவருக்குக்கூடத் தெரிந்துவிடும். பாஞ்சோவோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அமெரிக்காவில் உருவாக்கிய வாத்தியம். ஆக, ஹேக்குக்குப் போயிருந்தாலும் அங்கிருந்து இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

காட்பாடி தாண்டி, ஜோலார்பேட்டை தாண்டி, வண்டி மேட்டில் ஏறிப் பங்காருப்பேட்டையில் நின்றது. இங்கிருந்துதான் கோலார் தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரிகிறது. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். மேலே கணக்கு எழுதி, யந்திரம் ஓட்டி, சனிக்கிழமை ராத்திரி கிளப்பில் நடனமாடியவர்கள் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும். நடனத்துக்கு வாசிக்கப் பெங்களூரிலிருந்து பேண்டு போகும். அந்தப் பேண்டுகளில் ஒன்றில் ரிதம் கிட்டார் வாசித்தவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். என் நண்பன் ஒருவனுக்குப் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர். ஜோகுபாளையத்திலேயே பிறந்து அங்கேயே இருப்பவர்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். ஜோகுபாளையம் இருக்கும் ஹலசூர் பக்கம் போகிறவர்கள் சிட்டி ஸ்டேஷன்வரை போவது வெட்டிச் செலவு. ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்தார். நான் தடுமாறியதும் தமிழுக்கு மாறி, இரட்டைக் கட்டணம் கேட்டார். தமிழில் பேரம் பேசி முடித்தோம். ஹலசூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன்.

இந்த ஏரிக்கரையைச் சுற்றி வந்தால் பெங்களூர்த் தமிழரின் சரித்திரம் பாதி கிடைத்துவிடும். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் இருந்தது. அங்கே காய்ச்சலில் சிப்பாய்கள் மடிந்தார்கள். 1809-ல் படையைப் பெங்களூருக்கு மாற்றி, ஹலசூர் கிராமத்தை ஒட்டிக் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். மதராஸ் ராணுவம் என்பதால் சிப்பாய், சமையல்காரர், தையல்காரர், கொத்தனார், ஒப்பந்தக்காரர், துபாஷி என்று மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு ஜனத்திரளே பின்னால் வந்தது. ஏரியின் ஒரு கரையில் இன்றும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம். அந்தப் படை வீரர்களுக்கு ராணுவம் முழுக்க வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’. இன்னொரு பக்கம் அண்ணாசாமி முதலியார் ரோடு. அதில் 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். ஏரிக்கருகே திருவள்ளுவர். பதினெட்டு வருஷம் துணிக்குள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் அப்போதைய முதல்வர்கள் எடியூரப்பாவும் கருணாநிதியும் சேர்ந்து நிற்கத் திறக்கப்பட்ட சிலை. அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். இரண்டு அரசுகள் புலவர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டது எனக்குப் பிடித்த சம்பவம். நதியையும் அப்படிப் பேசித் தீர்த்திருக்கலாம்.

ஜோகுபாளையம் ஏரிக்குத் தெற்கே, பழைய மதராஸ் ரோட்டைக் கடந்தால் வருகிறது. கேம்பிரிட்ஜ் ரோடு என்று ஒரு ரோடு, அதையொட்டி கேம்பிரிட்ஜ் லேஅவுட் என்று வசதியான வீடுகள். கிழக்கே இந்திராநகர். அங்கே ஒரு காப்பியின் விலையில் இங்கே ஒரு குடும்பம் டிபன் சாப்பிடலாம். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது ஜோகுபாளையம். தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒடுக்கமான மாடி வீடுகள், மாடிக்கு வெளிப்படிக்கட்டு, ஒவ்வொரு மாடியிலும் வாடகைக்கு ஒரு ஐ.டி. பையன். மளிகைக்கடைப் பலகையில் கன்னடம், கடைக்காரர் வாயில் தமிழ், காலண்டரில் வேளாங்கண்ணி மாதா, பக்கத்திலேயே முருகன். தண்ணீர் லாரி ஒன்று சந்துக்குள் நுழைந்துவிட்டு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றது. நாலு பேர் நாலு பாஷையில் டிரைவருக்கு வழிசொன்னார்கள். அவர் ஐந்தாவதாகத் தெலுங்கில் பதில் சொன்னார்.

பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட லுங்கி, கையில்லாத பனியன், மூக்குக்கண்ணாடி. உள்ளே சுவரோரமாக சன்பர்ஸ்ட் நிறத்தில் ஒரு கிட்டார் சாய்ந்து நின்றது. கல்கத்தாவில் செய்தது என்றார். மேல்பலகையில் பிடில்காரர்கள் முகவாய் வைக்கும் இடத்தைப் போல வார்னிஷ் தேய்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. அவருடைய முழங்கை உராய்ந்த இடம் அது.

“வா தம்பி. இன்னா, ‘வீனஸ்’ கேட்டுகினு மெட்ராஸ்லேர்ந்து வந்தியாமே? வேற வேலை இல்லையா உனக்கு?”

“இல்லைங்க அங்கிள்.”

“அப்ப சரி. உக்காரு.”

பாட்டு அவரிடம் எப்படி வந்தது? ரேடியோ சிலோன் வழியாக. சிற்றலையில் இழுத்துக்கொண்டும் முனகிக்கொண்டும் வரும் ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சிதான் அந்தக் காலத்தில் இவர்களுக்கு இசைக் கல்லூரி. இசைத்தட்டு வாங்கக் காசு கிடையாது. வாங்கினாலும் கிராமபோன் யார் வீட்டில் இருக்கிறது என்று தேட வேண்டும். அதனால் நாலு பேர் ரேடியோவைச் சுற்றி உட்காருவார்கள். முதல் வரியை ஒருவன் எழுதிக்கொள்வான், இரண்டாவதை இன்னொருவன். கார்டு பிடிப்பது இவர் வேலை. அடுத்த வாரம் அதே பாட்டைப் போட்டால் விட்டுப்போனதை நிரப்பிக்கொள்வார்கள். போடாவிட்டால் அவரவருக்குத் தோன்றிய வார்த்தை. “பாதி எடத்துல நாங்க பாடினது இங்கிலீஷே கெடையாது. ஆடறவங்களும் கேக்கல.”

கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டார். இந்தப் பாட்டில் பெரிய வித்தையே முதல் சில நொடிதான். பி செவன்த் சஸ் ஃபோர் என்று ஒரு கார்டு. மூன்றாவது ஸ்வரத்தை எடுத்துவிட்டு நான்காவதை வைத்துக் கட்டுவது. அதனால் சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். அதை வலது மணிக்கட்டு முழுவதையும் தளர்த்தி, மேலும் கீழுமாகச் சடசடவென்று அடித்தார். சுண்டுவிரலை மட்டும் தந்தியிலிருந்து லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தார். அவ்வளவுதான், ஒண்டுக் குடித்தனச் சந்தில் 1970 வந்து நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, பழகிய சங்கதிதான் என்பதுபோல உள்ளே போய்விட்டார்.

பிறகு பாட்டு இறங்கும் இடம். ஈ மைனர், ஏ மேஜர். ஈ மைனர், ஏ மேஜர். சரணம் முழுக்க இந்த இரண்டுக்குள்தான் சுற்றுகிறது. எனக்குக் கொஞ்சம் கர்நாடக சங்கீதப் பழக்கம் உண்டு, வாய் சும்மா இருக்கவில்லை. “அங்கிள், ஈ-யை ஷட்ஜமா வெச்சா உங்க மொதல் கார்டு ச-க-ப. ரெண்டாவது ம-த-ச. சாதாரண காந்தாரம், சதுச்ருதி தைவதம். ரெண்டையும் சேத்தா கரஹரப்பிரியாவுக்குள்ள அடங்கிடுது” என்றேன்.

அவர் கிட்டாரிலிருந்து கையை எடுக்காமலே, “அது உங்களுக்கு. எங்களுக்கு அது ஜைவ்” என்றார்.

சரியான பதில். ஆங்கிலோ இந்தியர், தமிழ்க் கிறிஸ்தவர் கல்யாண வரவேற்புகளில் ஒரு வரிசை உண்டாம். மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் வால்ட்ஸ். பிறகு பெரியவர்களுக்கு ஃபாக்ஸ்ட்ராட். சாப்பாட்டுக்கு முன்னால் ஜைவ், அங்கேதான் ‘வீனஸ்’ வரும். கடைசியில், இரண்டு ரவுண்டு உள்ளே போன பிறகு, இலங்கை பைலா. ஐரோப்பாவில் இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரபஞ்சத்தைத் தேடக் கேட்ட பாட்டுகளை, இங்கே சித்தப்பாவும் அத்தையும் வியர்க்க வியர்க்க ஆடுவதற்கு வாசித்திருக்கிறார்கள். போதை மருந்தின் மயக்கத்தைச் சத்தத்தில் கொண்டுவரத்தான் அந்தச் சைகடெலிக் இசையில் எதிரொலி, பின்னோக்கி ஓடும் நாடா, முடிவில்லாத சுருதி என்று என்னென்னவோ செய்தார்கள். இந்தப் பேண்டுகளிடம் இருந்தது ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபயர். பாடுகிறவனுக்கும் அதுதான், கிட்டாருக்கும் அதுதான். “எக்கோ வேணும்னா சர்ச் ஹால்ல வாசிப்போம்” என்றார்.

சித்தாரைப் பற்றிக் கேட்டேன். ‘வீனஸ்’ வந்த 1969-லேயே வந்த ஷாக்கிங் புளூவின் ஆல்பம் ‘அட் ஹோம்’. அதில் ராபி சித்தார் வாசித்த ‘லவ் பஸ்’ என்ற பாட்டு இருக்கிறது. 1988-ல் நிர்வாணா குழு தன் முதல் இசைத்தட்டுக்கு எடுத்துக்கொண்டது அதைத்தான். ‘ஆக்கா ராகா’ என்று வாத்திய இசையும் ஒன்று உண்டு. கல்கத்தாவில் பிறந்து லண்டனுக்குப் போன ஜான் மேயரின் இந்தோ ஜாஸ் படைப்பு அது. போனில் அதைப் போட்டுக் காட்டினேன்.

பெரியவர் முழுசாகக் கேட்டார். “நல்லாத்தான்கீது. ஆனா ஒண்ணு தம்பி, நேர்ல சித்தாரை நான் ரொம்ப வயசான அப்புறம்தான் பாத்தேன். எங்க ஏரியாவுல யாரு வெச்சுகினு இருந்தாங்க? சினிமாவுல பாத்தது.”

இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் போலும். அறுபதுகளின் ஐரோப்பிய ராக், ‘இந்தியா’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தது. 1965 தொடக்கத்தில் கிங்க்ஸ் குழு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பம்பாயில் தங்கியது. விடிகாலையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போவதை ரே டேவிஸ் கேட்டார். அந்த வருஷமே ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ வந்தது. கிட்டாரையே தம்புரா மாதிரி இழைய விட்ட பாட்டு. வருஷக் கடைசியில் பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’டில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரைத் தொட்டார். 1966-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெயின்ட் இட் பிளாக்’, பிரையன் ஜோன்ஸ் கையில் சித்தார், அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் முதலிடம். 1968 ஜனவரியில் ஹாரிசன் பம்பாய்க்கே வந்து எச்.எம்.வி. ஸ்டூடியோவில் ‘தி இன்னர் லைட்’டின் வாத்தியப் பகுதியைப் பதிவுசெய்தார். அலை ஹேக்வரை அடித்தது. பம்பாய், ரிஷிகேஷ், கல்கத்தா. ஐரோப்பியரின் இந்தியாவுக்கு விந்திய மலைக்குத் தெற்கே நிலமே கிடையாது. நாகசுரம் இல்லை, தவில் இல்லை, வீணை இல்லை.

ஜோகுபாளையத்துக்கு அந்தச் சித்தார் ஒட்டுமில்லை உறவுமில்லை. இங்கே கிட்டார்தான் உள்ளூர் வாத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாட்டுக்கு அது, கிறிஸ்துமஸ் கேரலுக்கு அது, கல்யாணத்துக்கு அது. டிரம்ஸ் படைமுகாம் வழியாக வந்தது. கப்பன் பார்க்கின் பேண்டு ஸ்டாண்டில் ராணுவ வாத்தியக் கோஷ்டி வாசிப்பதை நின்று கேட்ட பரம்பரை இது. பியூகிள் சத்தத்தில் எழுந்து பழகிய ஊர். லண்டன்காரனுக்குச் சித்தார் எவ்வளவு விநோதமோ அவ்வளவு விநோதம் ஜோகுபாளையத்துக்காரருக்கும். அவர்கள் கிழக்கின் மர்மம் என்று வியந்ததை இவர்கள் வடநாட்டு வாத்தியம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் இந்தப் பேண்டுக்காரர்கள் அந்தப் பாட்டுகளை வாசித்தபோது சித்தார் வரும் இடத்தைக் கிட்டாரிலேயே சமாளித்தார்கள். பெரியவர் அதையும் காட்டினார். ஒரே தந்தியில் பெருவிரலால் விடாமல் சுருதியைத் தட்டிக்கொண்டு, பக்கத்துத் தந்தியை இடது விரலால் குறுக்கே வளைத்து இழுத்தார். சித்தார் மாதிரி இல்லை. யாரோ தூரத்தில் நாகசுரம் வாசிப்பதுபோல இருந்தது. சொல்லவில்லை, மறுபடியும் ஜைவ் என்பார்.

ஹேக்கிலும் கதை ஏறக்குறைய இதுதான், அதைச் சொல்லியாக வேண்டும். இந்தோனேசியா டச்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெற்றபின், அங்கிருந்த கலப்பினக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் நெதர்லாந்துக்குக் கப்பலேறின. நிறையப் பேர் ஹேக்கில் குடியேறினார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்து இறங்கியது. டீல்மன் சகோதரர்கள் 1957-ல் வந்தவர்கள். அடுத்த வருஷம் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து, பல்லால் மீட்டி, டிரம்ஸ் குச்சியால் தட்டி வாசித்துக் கலக்கினார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைச் செய்து உலகப் புகழ்பெற இன்னும் பல வருஷம் இருந்தது. ‘இந்தோ ராக்’ என்று பெயர்பெற்ற அந்த அலையைப் பார்த்துத்தான் டச்சுப் பையன்கள் கிட்டார் பிடிக்கக் கற்றார்கள். ஷாக்கிங் புளூ, கோல்டன் இயரிங் எல்லாம் அந்த ஹேக் நகரத்துக் குழுக்கள்தான்.

ஆங்கிலோ இந்தியர்கள் இங்கிருந்து கிளம்பிப் போனவர்கள். ஹேக்குக்கு வந்த அந்தக் கலப்பினக் குடும்பங்களைப் போல. அவர்கள் விட்டுப்போன மேடைகளில் பக்கத்துவீட்டுத் தமிழ்ப் பையன்கள் ஏறினார்கள். 1947-க்குப் பிறகு குடும்பம் குடும்பமாக இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போனபோது பலர் வாத்தியங்களைப் போகிற விலைக்கு விற்றார்களாம். பெரியவரின் முதல் கிட்டார் அப்படி வந்ததுதான். பீட்டில்ஸின் தொடக்ககால டிரம்மர் பீட் பெஸ்ட் 1941-ல் மதராஸில் பிறந்தவர் என்றேன். எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க்கும் மதராஸ்தான், 1936. பெரியவருக்கு எங்கெல்பெர்ட்டைத் தெரியும், பீட் பெஸ்ட்டைத் தெரியாது. “டிரம்மரை யாருப்பா ஞாபகம் வெச்சுக்கறாங்க” என்றார். அவர் பேண்டு டிரம்மரோடு ஏதோ பழைய கணக்கு இருக்கும் என்று தோன்றியது.

மத்தியானம் பிரியாணி வந்தது. ஆம்பூர் வகை, சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு. பேச்சு உள்ளூர்க் குழுக்களின் பக்கம் திரும்பியது. கல்யாண பேண்டுகளுக்கு மேல் ஒரு தட்டில் இருந்தவர்கள் அவர்கள். கல்லூரி விழா, போட்டி என்று வாசித்தவர்கள். 1970, 71-ல் ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டிக்கு நாடு முழுவதிலிருந்தும் குழுக்கள் போயின. வெற்றிபெற்றவர்கள் வாசித்தது இசைத்தட்டாகவும் வந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் அந்தத் தட்டுகளைத் தேடித்தேடி, மறுபதிப்பும் போட்டார்கள். பெங்களூரில் அப்போது பெயர்போன குழு ஹியூமன் பாண்டேஜ். ராதா தாமஸ் பாடினார். சுரேஷ், ரமேஷ் ஷொட்டம் சகோதரர்கள் கிட்டாரும் டிரம்ஸும். “அவங்க எல்லாம் பெரிய எடம். கேக்கறதுக்குப் போவோம். நாங்க டான்ஸ் பேண்டு” என்றார் பெரியவர். குரலில் பொறாமை இல்லை. டான்ஸ் பேண்டுக்கு ராத்திரிக்கு ராத்திரி காசு உண்டு என்ற தெம்பு இருந்தது.

இந்த ரமேஷ் ஷொட்டம் கதையைத்தான் நான் யாரிடமும் விடாமல் சொல்லி வருகிறேன். 1948-ல் மதராஸில் பிறந்தவர். ராக் டிரம்மராக இருந்துவிட்டு, பெங்களூரின் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரியில் சேர்ந்து தவில் கற்றார். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய பள்ளி அது. பாடகி ஆர்.ஏ. ராமமணியும் அதன் தூண். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஒரு குழு. மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், மேலே ராமமணியின் குரல்.

இங்கேதான் சித்தார் இல்லாத ஐரோப்பியக் கதை ஆரம்பிக்கிறது. மியூனிக் நகரத்தில் எம்ப்ரியோ என்று ஒரு குழு. 1969-ல் கிறிஸ்டியன் புர்ஷார்ட் தொடங்கியது. சைகடெலிக் ராக்கும் ஜாஸும் கலந்த ஜெர்மன் கூட்டம். 1978-ல் இவர்கள் பஸ்களில் ஏறி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியெல்லாம் உள்ளூர்க் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தார்கள். அது இரட்டை இசைத்தட்டாகவும், ‘வகபுண்டன் காரவானே’ என்ற ஆவணப்படமாகவும் வந்தது. அந்தப் பாதையில் அடுத்த வருஷமே ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. பஸ்ஸில் ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரும் காலம் அதோடு முடிந்தது. எம்ப்ரியோ அந்தக் காலத்தின் கடைசி வண்டி என்று சொல்லலாம்.

அவர்கள் கூட்டுச் சேர்ந்தது கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரியோடு. 1980 வாக்கில் இரு தரப்பும் சேர்ந்து ‘லைஃப்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். எம்ப்ரியோவோடு வாசித்து வந்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, இந்தக் கல்லூரியோடு சேர்ந்து ஈ.சி.எம். நிறுவனத்துக்காக ‘ஜோதி’ என்ற ஆல்பம் செய்தார். வெளிவந்தது 1983-ல். ரமேஷ் ஷொட்டம் ஜெர்மனியின் கோலோன் நகரத்திலேயே குடியேறி, ஐரோப்பிய ஜாஸ்காரர்களுக்கு நடுவில் தவில் வாசிப்பவரானார். கன்டோன்மென்ட்டின் ராக் டிரம்மர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போனபோதுதான் ஐரோப்பியரின் இந்திய வரைபடத்தில் தெற்கு முளைத்தது. ஐரோப்பிய ராக்குக்கும் இந்திய இசைக்கும் நடந்த பரிமாற்றத்தில் நான் மதிப்பது இந்தக் கட்டத்தை. சித்தாரை வைத்துப் பண்ணியதில் பெரும்பகுதி ஒப்பனை. வாத்தியத்தின் ஓசையை எடுத்துக்கொண்டார்கள், அதன் கணக்கை விட்டுவிட்டார்கள். ‘லைஃப்’பில் ஜெர்மன்காரர்கள் கணக்குக்குள் இறங்கிப் பார்க்கிறார்கள். தடுக்கி விழுகிறார்கள், எழுந்து ஓடுகிறார்கள்.

பெரியவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பிரியாணிக் கையோடு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். ஆரம்பத்தில் ஆமோதிப்பாகத் தலையாட்டினார். ராமமணியின் ஜதி வந்ததும் “யாரு இவங்க?” என்று நிமிர்ந்தார். பிறகு ஒரு இடத்தில் விரல் நின்றது. “அந்த டிரம்ஸ்காரன் சமத்துக்கு லேட்டா வரான் பாரு.” ஓட்டிக் காட்டச் சொன்னார். மறுபடியும் கேட்டார். “ஆமா, லேட்டுதான்.”

கர்நாடக சங்கீதம் கற்காதவர் சமம் பார்க்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவருக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. தாத்தா சாப்பர்ஸ் படையில் இருந்தவர், மாமா கோயில் மேளத்துக்கு ஒத்து ஊதியவர், ஹலசூர் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு வரும் ராத்திரியெல்லாம் தெருவிலேயே நின்று தவில் கேட்டு வளர்ந்தவர். மேடையில் வாசித்தது மட்டும்தான் ஜைவ். காதில் விழுந்ததெல்லாம் சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

“எது அங்கிள் நல்லா இருக்கு? இதா, ‘வீனஸ்’ஸா?”

“இது நல்ல சங்கீதம். உக்காந்து கேக்கணும். கல்யாணத்துல வாசிச்சா சாப்பாட்டுக்கு முன்னாடியே ஜனம் எந்திரிச்சுப் போயிடும்.”

நியாயமான விமரிசனம். 1986-ல் பனானராமா என்ற மூன்று பெண்களின் குழு ‘வீனஸ்’ஸை மறுபடியும் பாடியது. அதுவும் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. பதினாறு வருஷ இடைவெளியில் ஒரே பாட்டு இரண்டு தடவை உச்சிக்குப் போவது அரிது. இரண்டு கார்டு, ஒரு அடி, யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்பதுதான் ரகசியம் என்று பெரியவர் அபிப்பிராயப்பட்டார். சைகடெலிக் பாட்டுகளில் மற்றவை அந்தக் காலத்துச் சட்டை மாதிரி பீரோவில் இருக்கின்றன. இது மட்டும் உடுத்தத் தோதாக இருக்கிறது.

மாலையில் மாடி ஐ.டி. பையன் வேலை முடித்து வந்தான். கோயம்புத்தூர்க்காரன். கீழே சத்தம் கேட்டு வாசலில் நின்றான். பெரியவர் இன்னொரு தடவை அந்த அந்தரத்தில் நிற்கும் கார்டை அடித்ததும், “தாத்தா, இது ரேசர் விளம்பரப் பாட்டுதானே?” என்றான். ஒரு பெண்கள் ரேசருக்கு இந்தப் பாட்டை உலகமெங்கும் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள் என்பது வாஸ்தவம்தான்.

பெரியவர் கிட்டாரை நிறுத்தி என்னைப் பார்த்தார். “ரேசரா? நான் இத்தினி நாளா லவ் பாட்டுன்னு வாசிச்சுகினு இருக்கேன்.” பிறகு பையனிடம் கிட்டாரை நீட்டி, ஈ மைனருக்கு விரல் எங்கே வைக்க வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார். ஆறே முக்காலுக்கு எனக்கு ஆட்டோ வந்தபோது அவன் ஏ மேஜருக்கு மாறத் திணறிக்கொண்டிருந்தான்.